ஒப்புதலா, பின்னேற்பா? 1942 பிப்ரவரியில் லண்டனுக்கும் கான்பெராவுக்கும் இடையே ஓடிய தந்திகள்

கேட்கப்பட்ட கேள்வி இது: "ஆஸ்திரேலியா, கனடா போன்ற நாடுகள் டொமினியனாக இருந்த காலத்தில் லண்டன் சொன்னதை அப்படியே கேட்டு நடந்தனவா? 1942இல் சர்ச்சில் கேட்ட படையை ஆஸ்திரேலியப் பிரதமர் கர்ட்டின் தர மறுத்தார் என்கிறார்கள். அந்தக் கடிதப் போக்குவரத்தில் உண்மையில் என்னதான் இருந்தது?"

டொமினியன் என்றால் பிரிட்டிஷ் பேரரசுக்குள் இருந்துகொண்டே உள்நாட்டு ஆட்சியைத் தானே நடத்திய நாடு. அவர்கள் பல சமயம் கேட்டு நடந்தார்கள், சில சமயம் மறுத்தார்கள். ஆனால் சண்டை பெரும்பாலும் படையைத் தருவதா மறுப்பதா என்பதில் மட்டும் இருந்ததில்லை. "எங்களைக் கேட்டீர்களா, அல்லது முடிவெடுத்துவிட்டு எங்களிடம் சொன்னீர்களா?" என்பதுதான் அடியில் கிடந்த சண்டை. நம் அரசு அலுவலகங்களில் கோப்பு எழுதிப் பழகியவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஒரு காரியத்தைச் செய்யும் முன் மேலிடத்தில் வாங்குவது ஒப்புதல். செய்து முடித்துவிட்டு அப்புறம் வாங்குவது பின்னேற்பு. இரண்டிலும் கடைசியில் விழுவது ஒரே கையெழுத்துதான். ஆனால் முதலாவதில் கையெழுத்திடுபவர் முடிவெடுக்கிறார். இரண்டாவதில் ஏற்கெனவே நடந்துவிட்டதற்குப் பொறுப்பை மட்டும் ஏற்றுக்கொள்கிறார். ஏகாதிபத்திய அரசு டொமினியன்களிடம் கேட்டது இதில் எது என்பதை அந்தத் தந்திகளின் வினைச்சொற்களிலேயே பார்க்க முடியும்.

முதலில் தபால் எந்த வழியாகப் போனது என்று தெரிந்துகொள்ள வேண்டும். முதல் உலகப்போர்க் காலத்தில் ஒரு டொமினியனின் பிரதமர் பிரிட்டிஷ் பிரதமருக்கு நேராக எழுதுவது வழக்கமாக இல்லை. லண்டனில் காலனி அலுவலகம். அங்கிருந்து டொமினியனின் கவர்னர் ஜெனரலுக்குத் தந்தி போகும். அவர் அதை அமைச்சரவையிடம் தருவார். பதிலும் அதே படிகளில் ஏறி இறங்கும். கவர்னர் ஜெனரல் அரசரின் பிரதிநிதி, கூடவே லண்டன் அரசின் கண்ணும் காதும். 1914 ஜூலை 31 அன்று ஆஸ்திரேலியாவில் பொதுத்தேர்தல் பிரசாரம் நடந்துகொண்டிருந்தது, அமைச்சர்கள் ஆளுக்கொரு ஊரில் இருந்தார்கள். கவர்னர் ஜெனரல் மன்ரோ ஃபெர்குசன் பிரதமர் ஜோசப் குக்குக்கு ஒரு தந்தி அடிக்கிறார். ஐரோப்பாவிலிருந்து வரும் செய்திகளைப் பார்த்தால், ஆஸ்திரேலியாவிடமிருந்து எவ்வளவு ஆதரவை எதிர்பார்க்கலாம் என்று ஏகாதிபத்திய அரசு தெரிந்துகொள்ளும்படி அமைச்சர்கள் கூடிப் பேசினால் நல்லதல்லவா என்று கேட்டார். கேள்வி வடிவில்தான் இருந்தது. ஆனால் ஆதரவு உண்டா இல்லையா என்று அதில் கேட்கப்படவே இல்லை, எவ்வளவு என்றுதான் கேட்கப்பட்டது. ஆகஸ்ட் 3 அன்று, பிரிட்டன் போரில் இறங்குவதற்கு முந்தைய நாளே, 20,000 பேர் கொண்ட படையைத் தருவதாக ஆஸ்திரேலியா தந்தி அனுப்பிவிட்டது. யாரும் வற்புறுத்தவில்லை, மனம் அந்தப் பக்கம் இருந்தது. அதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அந்த மனம் மாறியதற்கு முக்கியமான காரணம் 4 ஆண்டுப் போரும் அதில் விழுந்த உயிர்களும். மாறிவிட்டது என்பதை லண்டன் முதன்முதலாக முகத்துக்கு நேரே பார்த்தது 1922 செப்டம்பரில். சனாக் என்பது தார்தனெல்ஸ் ஜலசந்தியின் ஆசியக் கரையில் இருக்கும் ஊர். ஸ்மிர்னா நகரைப் பிடித்த துருக்கியத் தலைவர் முஸ்தபா கெமாலின் படைகள், பிரிட்டிஷ் துருப்புகள் நின்றிருந்த நடுநிலைப் பகுதியை நெருங்கிக்கொண்டிருந்தன. செப்டம்பர் 15 இரவு, போர் மூண்டால் படை அனுப்புவீர்களா என்று கேட்டு எல்லா டொமினியன்களுக்கும் லண்டனிலிருந்து தந்தி போகிறது. எழுதியவர் அப்போது காலனித் துறை அமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில். ஒரு டொமினியன் சிறிய படையை அனுப்புவதாக அறிவித்தாலே நிலைமையில் நல்ல விளைவு உண்டாகும் என்ற பொருளில் அதில் ஒரு வரி இருந்தது. அதாவது கேட்கப்பட்டது படையைவிட, பத்திரிகையில் போடுவதற்கு ஓர் அறிவிப்பு.

அந்த அறிவிப்புக்காக அவர்கள் காத்திருக்கவும் இல்லை. மறுநாளே பத்திரிகைகளுக்குச் செய்தி கொடுத்துவிட்டார்கள். கனடாவின் பிரதமர் மெக்கன்சி கிங் அன்று தன் தொகுதியில் ஷாரன் என்ற சிற்றூரில் இருந்தார். சங்கேதத் தந்தி ஒட்டாவாவில் பிரிக்கப்பட்டு அவர் கைக்கு வருவதற்குள் டொரண்டோ பத்திரிகையாளர் ஒருவர் வந்து, பிரிட்டன் படை கேட்டிருக்கிறதே, என்ன பதில் சொல்லப்போகிறீர்கள் என்று கேட்டார். தன் அரசுக்கு வந்த ரகசியத் தந்தியைப் பற்றி ஒரு பிரதமர் நிருபரின் வாயிலிருந்து தெரிந்துகொண்டார்.

கிங்கின் பதில் இரண்டு வார்த்தையில் சொல்லிவிடக்கூடியது: நாடாளுமன்றம் தீர்மானிக்கும். படை தர மாட்டேன் என்று அவர் எழுதவே இல்லை. நியூசிலாந்து உடனே சரி என்றது. ஆஸ்திரேலியப் பிரதமர் ஹியூஸ் வெளியே ஆதரவு அறிவித்துவிட்டு, முன்கூட்டிக் கலந்துகொள்ளாமல் இப்படிச் செய்ததற்காக லண்டனுக்குக் கோபத்தோடு எழுதினார். கடைசியில் சனாக்கில் போர் வரவில்லை, அக்டோபரில் பிரிட்டிஷ் பிரதமர் லாயிட் ஜார்ஜின் அரசு கவிழ்ந்தது. இந்தத் தந்தியை எழுதியவர் யார் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 20 ஆண்டு கழித்து அவரே இன்னொரு முறை இதே காரியத்தைச் செய்யப்போகிறார்.

இடைப்பட்ட காலத்தை வேகமாகக் கடந்துவிடலாம். 1925இல் காலனி அலுவலகத்திலிருந்து டொமினியன் அலுவலகம் தனியாகப் பிரிந்தது. 1926 ஏகாதிபத்திய மாநாடு, பிரிட்டனும் டொமினியன்களும் அந்தஸ்தில் சமம், ஒன்றுக்கொன்று கீழ்ப்பட்டவை அல்ல என்று அறிவித்தது. கவர்னர் ஜெனரல் இனி அரசருக்கு மட்டுமே பிரதிநிதி, லண்டன் அரசின் தபால்காரர் அல்ல என்றும் முடிவானது. அதன் பிறகு அரசோடு அரசு நேராக எழுதிக்கொண்டது. 1931இல், டொமினியன் நாடாளுமன்றங்களுக்கு லண்டனிலிருந்து சட்டச் சுதந்திரம் தந்த வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம் வந்தது. கனடா, தென்னாப்பிரிக்கா, ஐரிஷ் நாடு ஆகியவற்றுக்கு அது உடனே பொருந்தியது. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் தங்கள் நாடாளுமன்றத்தில் தனியாக ஏற்றால்தான் பொருந்தும் என்று வைத்திருந்தார்கள், இரண்டும் ஏற்காமலே இருந்தன. 1939 செப்டம்பர் 3 அன்று பிரிட்டன் போர் அறிவித்தது, அதன் விளைவாக ஆஸ்திரேலியாவும் போரில் இருக்கிறது என்று பிரதமர் மென்சீஸ் வானொலியில் சொன்னார். கனடா ஒரு வாரம் கழித்து, செப்டம்பர் 10 அன்று, தன் நாடாளுமன்றத்தைக் கூட்டித் தனியாக அறிவித்தது.

டொமினியன் அந்தஸ்து இல்லாத இந்தியாவுக்கு அதே செப்டம்பர் 3 எப்படி இருந்தது என்பது நமக்குத் தெரியும். வைஸ்ராய் லின்லித்கோ இந்தியத் தலைவர்கள் ஒருவரையும் கலக்காமல் இந்தியா போரில் இருப்பதாக அறிவித்தார். அக்டோபரில் சென்னை மாகாணத்தில் ராஜாஜி அமைச்சரவை உட்பட காங்கிரஸ் அமைச்சரவைகள் பதவி விலகத் தொடங்கின. டொமினியனிடம் பின்னேற்பாவது கேட்டார்கள். நம்மிடம் அதுவும் கேட்கவில்லை.

இப்போது 1942க்கு வருவோம். ஆஸ்திரேலியாவின் சிறந்த படைகள் அத்தனையும் கடல் கடந்து நின்றன. 6, 7, 9 ஆகிய டிவிஷன்கள் (பெரிய படைப்பிரிவுகள்) மத்தியக் கிழக்கில், 8ஆவது டிவிஷனின் பெரும்பகுதி மலாயாவில். அதற்கு முந்தைய ஆண்டு கிரீஸிலும் கிரீட்டிலும் பட்ட அடி ஆறவில்லை. லிபியாவின் தோப்ரூக் துறைமுகத்தில் களைத்துப்போயிருந்த 9ஆவது டிவிஷனை விடுவிக்கச் சொல்லி அடுத்தடுத்து மூன்று ஆஸ்திரேலியப் பிரதமர்கள் லண்டனோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. அந்த மூன்றாமவர்தான் ஜான் கர்ட்டின். 1941 அக்டோபர் 7 அன்று பதவிக்கு வந்தார். தொழிற்கட்சிக்காரர், பெர்த்தில் ஒரு தொழிலாளர் பத்திரிகையின் ஆசிரியராக இருந்தவர். முதல் உலகப்போரில் கட்டாய ராணுவச் சேவையை எதிர்த்துச் சில நாள் சிறையில் இருந்தவர். எழுத்தைத் தொழிலாகக் கொண்டிருந்த மனிதர் என்பது அவர் காலத்துத் தந்திகளைப் படிக்கும்போது தெரியும். அவரும் சர்ச்சிலும் பரிமாறிக்கொண்ட தனிப்பட்ட தந்திகளுக்கு அடையாளச் சொல்கூட இருந்தது: கர்ட்டினிடமிருந்து போவது "ஜான் கர்ட்டின்" என்பதைச் சுருக்கினாற்போல "ஜோகு", சர்ச்சிலிடமிருந்து வருவது "வின்ச்".

1942 ஜனவரி 23 அன்று கான்பெராவிலிருந்து போன தந்திதான் அந்த வரிசையில் மிகப் புகழ்பெற்றது. சிங்கப்பூரைக் காலி செய்வது பற்றி லண்டனில் பேச்சு நடந்ததாக அங்கிருந்த ஆஸ்திரேலியத் தூதர் எர்ல் பேஜ் தெரிவித்திருந்தார். எங்களுக்கு இத்தனை உறுதிமொழிகள் தந்துவிட்டு சிங்கப்பூரைக் காலி செய்தால், அது மன்னிக்க முடியாத துரோகமாகக் கருதப்படும் என்று பதில் போனது. கர்ட்டின் அப்போது பெர்த்துக்குப் பயணத்தில் இருந்தார், வெளியுறவு அமைச்சர் எவாட்டின் கை அந்த வாசகத்தில் தெரிகிறது. "துரோகம்" என்ற சொல்லை மட்டும் பலரும் எடுத்துக் காட்டுவார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது "உறுதிமொழிகள்" என்ற சொல். சிங்கப்பூர்தான் ஏகாதிபத்தியப் பாதுகாப்பின் மையக் கோட்டை என்று 20 ஆண்டுகளாக லண்டன் எழுதிவந்த கடிதங்களை அது திரும்ப மேசையில் வைக்கிறது. கடிதப் போக்குவரத்தின் பலம் அங்கேதான் இருக்கிறது. பேச்சு காற்றில் போய்விடும், கோப்பு போகாது.

பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது. 8ஆவது டிவிஷன் சிறைப்பட்டது. 19 அன்று ஜப்பானிய விமானங்கள் டார்வின் நகரின் மேல் குண்டு போட்டன, 200க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஆஸ்திரேலியப் பெருநிலத்தில் அந்நியக் குண்டு விழுந்தது அதுதான் முதல் தடவை. இந்தச் சமயத்தில் 6, 7ஆவது டிவிஷன்கள் மத்தியக் கிழக்கிலிருந்து கப்பலேறி இந்தியப் பெருங்கடலில் வந்துகொண்டிருந்தன. முதலில் அவற்றைச் சுமத்ராவுக்கும் ஜாவாவுக்கும் அனுப்புவதாக ஏற்பாடு. அதற்கு இனி அர்த்தமில்லை என்றானதும், ராணுவத் தலைமைத் தளபதி ஸ்டர்டீ தன் அரசுக்குக் கொடுத்த ஆலோசனை தெளிவாக இருந்தது: படையை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். 17 அன்று கர்ட்டின் அதைக் கேட்டு லண்டனுக்கு எழுதினார்.

லண்டனுக்கு வேறு யோசனை இருந்தது. ரங்கூன் ஆபத்தில் இருந்தது. சீனாவுக்கு ஆயுதம் போகும் பர்மா சாலைக்கு அதுதான் துறைமுகம். கடலில் வந்துகொண்டிருந்த 7ஆவது டிவிஷனை அங்கே இறக்கலாம் என்று சர்ச்சில் நினைத்தார், அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டும் அதையே கேட்டு எழுதினார். லண்டனில் இருந்த பேஜும், ஆஸ்திரேலிய ஹைகமிஷனர் புரூஸும்கூட அனுப்பலாம் என்றே கான்பெராவுக்கு எழுதினார்கள். புரூஸும் பேஜும் முன்னாள் பிரதமர்கள். அப்படியென்றால் கர்ட்டினுக்கு எதிராக நின்றவர்கள் யார் யார் என்று எண்ணிப் பாருங்கள்: பிரிட்டிஷ் பிரதமர், அமெரிக்க அதிபர், தன் நாட்டின் இரண்டு பெரிய மனிதர்கள்.

பிப்ரவரி 20 அன்று சர்ச்சில் அனுப்பிய தந்தியைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். "நீங்கள் உணர்ந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்" என்ற தொனியில் தொடங்குகிறது. உங்கள் முன்னணி டிவிஷன் கொழும்புக்குத் தெற்கே, எங்களிடம் இருக்கும் கொஞ்சநஞ்ச பிரிட்டிஷ், அமெரிக்கக் கப்பல்களில் போய்க்கொண்டிருக்கிறது, ரங்கூனைக் காக்க நேரத்துக்குப் போய்ச்சேரக்கூடிய படை உலகத்தில் அது ஒன்றுதான், 26 அல்லது 27 வாக்கில் அங்கே இறங்கத் தொடங்கலாம் என்கிறது. கப்பல் எங்களுடையது என்ற குறிப்பு போகிற போக்கில் வரவில்லை, வேண்டுமென்றே வைத்திருக்கிறார். அப்புறம் மிரட்டல் வருகிறது. நீங்கள் மறுத்து, அதனால் கேடு விளைந்தால், நீங்கள் பெரிதும் நம்பியிருக்கும் அதிபரிடமும் வாஷிங்டன் வட்டாரத்திலும் மிகக் கடுமையான விளைவு ஏற்படும் என்று எழுதுகிறார். கடைசிப் பகுதியில்தான் விஷயம் இருக்கிறது. உடனே பதில் வேண்டும், ஏனென்றால் முன்னணிக் கப்பல்கள் சீக்கிரமே ரங்கூனுக்கு எதிர்த் திசையில் போகத் தொடங்கிவிடும், ஒவ்வொரு நாளும் வீணாகும் நாள் என்கிறார்.

இதைப் படிக்கும் யாருக்கும் என்ன புரியும்? கப்பல்கள் ஆஸ்திரேலியாவை நோக்கித்தான் போகின்றன, நாம் சரி என்றால் மட்டுமே திரும்பும் என்றுதானே.

22 அன்று கர்ட்டின் பதில் எழுதினார். கடைசி நேரத்தில் சற்றே கடுமையான சொற்களில் வந்த உங்கள் வேண்டுகோள் கிடைத்தது, எங்கள் விருப்பம் உங்களுக்கு நெடுநாளாகவே தெரியும் என்று தொடங்குகிறார். "உத்தரவு" என்று அவர் எழுதவில்லை, "வேண்டுகோள்" என்றே எழுதுகிறார். எதிராளி கட்டளைத் தொனியில் பேசினாலும் பதில் எழுதுபவர் அதை வேண்டுகோளாகவே பதிவு செய்தால், மறுக்கும் உரிமை தானாக நிலைநாட்டப்பட்டுவிடுகிறது. வரைவு எழுதுவதில் இது பெரிய கைத்திறம். அப்புறம் காரணங்கள் வருகின்றன. ஒரு டிவிஷன் பர்மாவில் சிக்கினால் அதைத் தாங்கிப்பிடிக்க மற்ற டிவிஷன்களும் அதே பக்கம் இழுக்கப்படும், கிரீஸிலும் மலாயாவிலும் நடந்தது திரும்ப நடக்கும் என்கிறார். முடிவில், எங்கள் ஆலோசகர்களின் மதிப்பீட்டில் எங்கள் பாதுகாப்புக்கு ஆபத்தில்லாமல் பர்மாவுக்குப் படையை விட முடியுமானால் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டிருப்போம், அதிபருக்கும் இதைச் சொல்லுங்கள் என்கிறார். முறைப்போ வசையோ அதில் இல்லை.

அதே நாளில் சர்ச்சிலிடமிருந்து இன்னொரு தந்தி வந்தது. எங்கள் வேண்டுகோளையும் அமெரிக்க அதிபரின் வேண்டுகோளையும் நீங்கள் மறுப்பீர்கள் என்று எங்களால் எண்ணிப்பார்க்கவே முடியவில்லை, உங்கள் முறையான ஒப்புதலுக்காகக் காத்திருந்தால் கப்பல்கள் ரங்கூனுக்குத் தாமதமாகப் போய்ச்சேரும், அல்லது எரிபொருளே போதாது, எனவே கப்பல் அணியைத் தற்காலிகமாக வடக்கே திருப்பிவிட்டோம் என்றது தந்தி. இப்போது அது வெகுதூரம் வடக்கே போய்விட்டதால் சில கப்பல்கள் மறுபடி எரிபொருள் நிரப்பாமல் ஆஸ்திரேலியாவுக்கு வர முடியாது என்றும் சொன்னது.

ஆக, 20ஆம் தேதித் தந்தி ஒப்புதல் கேட்டது. அந்த ஒப்புதல் வரும் முன்பே கப்பல்கள் திருப்பப்பட்டுவிட்டன. ஒப்புதல் என்று பெயர் போட்டு அனுப்பப்பட்ட கோப்பு உண்மையில் பின்னேற்புக் கோப்பு. 1922இல் கிங்குக்கு நடந்ததுதான் இங்கேயும் நடந்தது. எழுதியவரும் அதே மனிதர்தான். இந்த முறை மட்டும் நடுக்கடலில் பல ஆயிரம் உயிர்கள் இருந்தன. சர்ச்சிலைக் கெட்டவர் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. அவர் இரண்டு முறையும் அவசரத்தில் இருந்தார், இரண்டு முறையும் டொமினியன்காரர்கள் கடைசியில் நம் பக்கம்தான் நிற்பார்கள் என்று மனப்பூர்வமாக நம்பினார். அந்த நம்பிக்கைதான் தவறு. பாசம் இருக்கிறது என்பதற்காகக் கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பது குடும்பத்திலேயே சண்டையாகும் விஷயம்.

23 அன்று கர்ட்டின் எழுதிய பதிலை நான் பல தடவை படித்திருக்கிறேன். சர்ச்சிலின் இரண்டு தந்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். உங்கள் 20ஆம் தேதிச் செய்தியில் கப்பல் அணி வடக்கே போகவில்லை என்றே தெளிவாகப் பொருள்படுகிறது. 22ஆம் தேதிச் செய்தியிலிருந்து பார்த்தால், அதை ரங்கூன் பக்கம் திருப்பிவிட்டு, இவ்வளவு முக்கியமான விஷயத்தில் எங்கள் ஒப்புதலை வெறும் சம்பிரதாயமாக நடத்தியிருக்கிறீர்கள். இப்படிச் செய்ததால் கப்பல் அணிக்கு ஆபத்து கூடியிருக்கிறது, அதன் விளைவுகளுக்கு நீங்களே பொறுப்பு. அவ்வளவுதான். கோபத்தை வர்ணிக்கும் சொல் ஒன்றுகூடக் கிடையாது. எதிராளியின் வாசகத்தையே எடுத்து, தேதி போட்டு, பொறுப்பு யாருடையது என்று பதிவு செய்து முடித்துவிட்டார்.

அன்றே சர்ச்சிலின் பதில் வந்தது: உங்கள் கப்பல் அணி எரிபொருள் நிரப்பக் கொழும்புக்குப் போகிறது, பிறகு உங்கள் விருப்பப்படி ஆஸ்திரேலியாவுக்குப் போகும்.

அடுத்த இரண்டு மூன்று வாரங்கள் கர்ட்டினுக்கு நரகம். போதுமான பாதுகாப்புக் கப்பல்கள் இல்லாமல், ஜப்பானியர் நடமாடும் கடலில் அந்தக் கப்பல்கள் வந்தாக வேண்டும். இரவில் தூக்கம் வராமல் பிரதமர் இல்லத் தோட்டத்தில் நடந்துகொண்டே இருப்பார் என்று அவரோடு இருந்தவர்கள் பிறகு சொன்னார்கள். முடிவெடுக்கும் உரிமையைக் கேட்டு வாங்கியவருக்கு அதன் பாரமும் சேர்ந்தே வந்தது. ஒரு கப்பலை நீர்மூழ்கி அடித்திருந்தால் பழி முழுதும் அவர் தலையில்தான் விழுந்திருக்கும். மார்ச்சில் படைகள் அடிலெய்டு வந்து இறங்கின.

கர்ட்டின் எடுத்த முடிவு சரியா என்ற கேள்வி இன்னும் விவாதிக்கப்படுகிறது. ரங்கூன் நமக்கு வரைபடத்தில் ஒரு புள்ளி மட்டும் அல்ல. செட்டிநாட்டு வட்டிக்கடைகளும், நம் ஊர்களிலிருந்து போன தொழிலாளிகளும் இருந்த நகரம். அது விழுந்த அந்த மாதங்களில் லட்சக்கணக்கான இந்தியர்கள், அவர்களில் ஏராளமான தமிழர்கள், அரக்கான் வழியாகவும் தமு, மணிப்பூர் வழியாகவும் காட்டிலும் மலையிலும் நடந்தே ஊர் வந்தார்கள், வழியில் மாண்டவர்கள் பலர். அதனால் "அந்த டிவிஷன் மட்டும் போயிருந்தால்" என்ற எண்ணம் ஒரு தமிழ் வாசகருக்கு எழுவது இயற்கை.

போயிருந்தாலும் ரங்கூன் நின்றிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. கர்ட்டின் கடைசித் தந்தி எழுதிய அதே பிப்ரவரி 23 விடிகாலையில் பர்மாவில் சிட்டாங் ஆற்றுப் பாலம் தகர்க்கப்பட்டது. 17ஆவது இந்திய டிவிஷனின் பெரும்பகுதி ஆற்றின் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது. ரங்கூனுக்கு முன்னால் இருந்த பெரிய தடுப்பு அதோடு போயிற்று. ஆஸ்திரேலியக் கப்பல்களோ இறங்கியவுடன் போரிடும்படி சரக்கு ஏற்றப்பட்டவை அல்ல, ஆள் ஒரு கப்பலிலும் கனரக ஆயுதங்கள் வேறு கப்பலிலும் இருந்தன. மார்ச் 8 அன்று ரங்கூன் விழுந்தது. சிங்கப்பூரில் ஜனவரி கடைசியில் கொண்டுவந்து இறக்கப்பட்ட 18ஆவது பிரிட்டிஷ் டிவிஷன் சில வாரங்களில் முழுசாகச் சிறைப்பட்டது. இதே பயணத்தில் முன்னதாக ஜாவாவில் இறங்கிய சுமார் 3,000 ஆஸ்திரேலியர்களுக்கும் அதே கதி நேர்ந்தது. 7ஆவது டிவிஷனுக்கும் அதுவே நடந்திருக்க வாய்ப்பு அதிகம். அந்த டிவிஷனின் பிரிகேடுகள்தான் அதே ஆண்டு ஆகஸ்ட் முதல் நியூகினியில் கொகோடா பாதையிலும் மில்ன் விரிகுடாவிலும் ஜப்பானியரைத் தடுத்து நிறுத்தின.

கர்ட்டின் பிடிவாதக்காரர், பொதுப் போரைவிடச் சொந்த வீட்டை மட்டும் பார்த்தவர் என்று சொல்பவர்களுக்கு ஒரு பதில் இலங்கையில் இருக்கிறது. பர்மாவுக்கு மறுத்துச் சில நாளிலேயே, மார்ச் தொடக்கத்தில், 6ஆவது டிவிஷனின் 16, 17ஆவது பிரிகேடுகளைத் தற்காலிகமாக இலங்கையில் நிறுத்த அவருடைய அரசு ஒப்புக்கொண்டது. ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோதும், 9 அன்று திருகோணமலையைத் தாக்கியபோதும் அந்தப் படைகள் தீவில்தான் இருந்தன. ஜூலையில்தான் கிளம்பின. டார்வினில் குண்டு விழுந்த பிறகும் இன்னொரு தீவைக் காக்க ஆள் விட்ட அரசு அது. கேட்டு, பேசி, நிபந்தனையோடு ஒப்புக்கொண்டு கொடுத்தார்கள். கப்பலைத் திருப்பிவிட்டு அப்புறம் சொன்ன விஷயத்தில்தான் மறுத்தார்கள்.

அதே ஆண்டு அக்டோபரில் ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் வெஸ்ட்மின்ஸ்டர் சட்டத்தை ஏற்றது, 1939 செப்டம்பர் 3 முதல் செல்லும்படி முன்தேதியிட்டு. 11 ஆண்டு தூங்கிக்கிடந்த சட்டம் அது. பிப்ரவரித் தந்திகள்தான் அதற்குக் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், போர்க்காலச் சட்டங்களின் செல்லுபடி பற்றிய சந்தேகங்கள் அதற்கு உடனடிக் காரணமாக இருந்தன. ஆனால் சட்டம் காகிதத்தில் வருவதற்கு 8 மாதம் முன்பே அதன் பொருள் தந்திக் கம்பியில் வந்துவிட்டது.

மூலத்தைப் படிக்க விரும்பினால், ஆஸ்திரேலிய வெளியுறவுத் துறை இந்தத் தந்திகளை முழு வாசகத்தோடு தொகுதிகளாக வெளியிட்டிருக்கிறது, இலவசமாகவே கிடைக்கின்றன. 1942 பிப்ரவரி 17 முதல் 23 வரை உள்ளவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு மாலையில் முடித்துவிடலாம். தந்திகளைத் தேதி வரிசையில் படியுங்கள், யாருக்கு முகவரியிட்டிருக்கிறது என்று பாருங்கள். நேரடியாகப் பிரதமருக்கா, டொமினியன் அமைச்சர் வழியாகவா, பேஜ் வழியாகவா என்பதற்கு ஏற்ப வாசகத்தின் சூடு மாறும். முக்கியமாக 20ஆம் தேதித் தந்தியில், கப்பல்கள் எந்தத் திசையில் போகத் தொடங்கும் என்று சொல்லும் அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு 22ஆம் தேதித் தந்தியைத் திறங்கள்.